கூரை திறக்கும் ஃபெராரியும் சத்தம் பிடிக்கும் என் வேலையும்

காருக்குள் வரும் சத்தத்தைக் குறைப்பதுதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தரும் வேலை. கதவு ரப்பர் வழியாக வரும் காற்றின் விசில், டேஷ்போர்டுக்குள் எங்கோ கழன்று கடகடக்கும் கிளிப், நூறு கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் ஆரம்பிக்கும் டயர் உறுமல், எல்லாவற்றையும் மைக் வைத்துத் தேடிப் பிடித்து ஒழிக்க வேண்டும். இப்படிப்பட்டவனுக்குக் கூரை திறக்கும் ஃபெராரியான 458 ஸ்பெச்சாலே ஏ மேல் இத்தனை மோகம் எதற்கு என்று என் டீமில் அடிக்கடி கலாய்ப்பார்கள். "ட்ராக்குக்குன்னு கிராம் கிராமா இளைக்க வச்ச வண்டியோட மண்டையைத் திறந்துவிட்டா, அது என்னண்ணே இன்ஜினியரிங்?" என்றான் ஒருவன். கேள்வி நியாயமானது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அவன் பக்கத்து நியாயம். கூரை என்பது மழைக்கு மட்டும் வைத்ததல்ல. மூடி ஒட்டிய அட்டைப்பெட்டியை முறுக்கிப் பாருங்கள். மூடியை அறுத்துவிட்டு மறுபடி முறுக்கிப் பாருங்கள். காரின் பாடியும் அப்படித்தான். வளைவில் பாடியே முறுக்கிக்கொண்டால், சஸ்பென்ஷனில் நாம் வைத்த கோணங்கள் எல்லாம் அர்த்தமிழந்துவிடும். அதைத் தடுக்க அடிப்பகுதியைப் பலப்படுத்த வேண்டும், எடை ஏறும். மடிகிற கூரைக்கான மெக்கானிசம் வேறு. அதுவும் நடுவில் இன்ஜின் வைத்த காரில் கூரை மடிந்து உட்காருவது இன்ஜினுக்கு மேலே, அதாவது எடை எங்கே கூடவே கூடாதோ அங்கே.

கூரை திறக்காத ஸ்பெச்சாலே கூப்பேயின் 'ட்ரை' எடை 1290 கிலோ. 2014 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் ஷோவில் காட்டிய திறந்த கார் 1340. ஐம்பது கிலோ வித்தியாசம். (இந்த 'ட்ரை' கணக்கே ஒரு ஏமாற்று வேலை. பெட்ரோல், ஆயில், தண்ணீர் எதுவும் இல்லாமல், எடை குறைக்கும் ஆப்ஷன்களையெல்லாம் மாட்டி எடுத்த கணக்கு. கூப்பேயை ஓட்டுகிற நிலையில் தராசில் ஏற்றினால் 1395 என்று அவர்களே சொல்கிறார்கள்.) கையுறைப் பெட்டியைக் கழற்றி, கால்மிதிக் கம்பளத்தை உருவி அலுமினியத் தகடு போட்டு மிச்சம் பிடித்தவர்கள், கூரை விஷயத்தில் ஐம்பது கிலோவைத் தாராளமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் ட்ராக்கில் மெதுவாகத்தானே ஓட வேண்டும்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 2008-ல் ஃபெராரி இதே மாதிரி ஒரு கார் செய்தது: 16எம் ஸ்கூடெரியா ஸ்பைடர் (ஸ்பைடர் என்றால் கூரை திறக்கும் கார்). ஃபார்முலா ஒன்னில் பதினாறாவது கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டம் (அணிக்கான சாம்பியன் பட்டம்) வென்றதற்காக வந்த பெயர். ஸ்பெச்சாலே ஏ போலவே அதுவும் 499 கார்கள்தான். ஃபெராரியின் சொந்த ட்ராக்கான ஃபியொரானோவில் அதன் கூப்பே அண்ணன் 430 ஸ்கூடெரியா 1 நிமிடம் 25 விநாடியில் சுற்றியது, 16எம்முக்கு 1:26.5 ஆனது. மூன்று கிலோமீட்டர் கூட வராத ட்ராக்கில் ஒன்றரை விநாடி என்பது பெரிய தொகை. ஆறு வருடம் கழித்து ஸ்பெச்சாலே ஏ-க்கு ஃபெராரி கொடுத்த நேரம் 1:23.5. கூப்பேக்குக் கொடுத்ததும் 1:23.5 தான். விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும்தான் சொல்கிறார்கள், ஸ்டாப்வாட்சும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. சரி, அதற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், ஃபெராரியின் பழைய பன்னிரண்டு சிலிண்டர் என்ஸோ அதே ட்ராக்கில் 1:24.9 ஓடிய காலத்தை நினைத்துப் பார்த்தால் வாயடைத்துப் போகிறது.

ஆனால் லேப் டைமை வைத்து நான் வாதாடப் போவதில்லை. என் வாதம் இன்ஜின்.

4.5 லிட்டர், வி8 (V வடிவில் இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர்), புகையின் விசையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ கிடையாது. 605 குதிரைத்திறன் 9000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 9000 சுற்றில். அந்த வேகத்தில் கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) விநாடிக்கு 150 சுற்று. ஒரு சுற்றுக்கு நான்கு சிலிண்டர் வெடிக்கும். ஆக விநாடிக்கு 600 வெடிப்பு. இது ஃபிளாட் பிளேன் கிராங்க் (தண்டின் முழங்கைகள் எல்லாம் ஒரே தளத்தில் இருக்கும் வகை) என்பதால் இடது வரிசையும் வலது வரிசையும் மாறி மாறி வெடிக்கும். ஒவ்வொரு வரிசையின் எக்ஸாஸ்ட்டிலும் துடிப்புகள் சமமான இடைவெளியில் வரும். அமெரிக்க வி8-ன் 'குடுகுடு' இதில் வராது. சுருதி விலகாமல் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். டர்போ இருந்தால் அந்தத் துடிப்புகள் வெளியே வருவதற்கு முன் டர்பைன் சக்கரத்தை முட்டிச் சுழற்ற வேண்டும். கூர்மை பாதி அங்கேயே மழுங்கிவிடும். டர்போ எங்கள் தொழிலுக்கு ஓசியில் கிடைத்த சைலன்சர்!

இதனால்தான் மெக்லாரன் 675எல்டி ஸ்பைடரோடு ஒப்பிடும்போது எனக்குக் குழப்பமே இல்லை. காகிதத்தில் அது மேல். கார்பன் ஃபைபர் தொட்டிதான் அடித்தளம், பலமெல்லாம் அதில் இருப்பதால் கூரையை எடுத்தாலும் எதையும் புதிதாகப் பலப்படுத்தத் தேவையில்லை. கூப்பேயைவிட 40 கிலோதான் கூடுதல். மொத்தம் 500 கார்கள், 675 குதிரைத்திறன், கூப்பே வந்த அதே 2015 கடைசியில் அறிவிப்பு. (கார்பன் தொட்டிக்கு நாற்பது, ஃபெராரியின் அலுமினிய பாடிக்கு ஐம்பது. பத்து கிலோ வித்தியாசத்துக்கா இத்தனை பிரசங்கம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.) ஆனால் இரட்டை டர்போ. காது கொடுத்துக் கேட்க விஷயம் குறைவாக இருக்கும்போது கூரையைத் திறந்து யாருக்கு என்ன லாபம்?

ஸ்பெச்சாலே ஏ ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு ஒரு கார் கண்காட்சியில் கிடைத்தது. உரிமையாளர் வயதானவர், மறுக்காமல் கூரையைத் திறந்து காட்டினார். பின்மூடி முழுசாகப் பின்பக்கம் எழும்ப, இரண்டு துண்டு அலுமினியக் கூரை கவிழ்ந்து உள்ளே போய்ப் படுக்க, மூடி மறுபடி இறங்கியது. பதினான்கு விநாடி. இத்தனை அசையும் மூட்டுகள் இருக்கிற இடத்தில் தொழில் புத்தி சும்மா இருக்குமா? மூடியின் ஓரத்தை விரலால் அழுத்தினேன். கிரீச், கடக் எதுவும் இல்லை. சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மின்சாரக் கண்ணாடி உண்டு. மழை பெய்து கூரையைப் போட்டாலும் அதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். "எனக்கு அந்தக் கண்ணாடியே போதும் தம்பி, வெயில்ல கூரையைத் திறக்க முடியுறதில்ல" என்றார் அவர். அந்தக் கண்ணாடியை வரைந்த ஆள் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

குறையும் சொல்லிவிடுகிறேன். கூப்பேயில் பின்பக்கக் கண்ணாடி வழியாக இன்ஜினின் சிவப்பு இன்டேக் (காற்று உள்ளே போகும் பாகம்) மூடிகளைப் பார்க்கலாம். இதில் இன்ஜின் இருக்கிற இடத்தில் பூசி மெழுகிய மூடியும் சில காற்றுத் துளைகளும்தான். இப்படியொரு இன்ஜினை வைத்துக்கொண்டு கண்ணில் காட்டாமல் ஒளிப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதைவிடக் கொடுமை, 499 மட்டும்தான் என்றதும் பல கார்கள் முதலீடாக மாறி, போர்வைக்குள் தூங்குகின்றன. 9000 ஆர்பிஎம் தொடாமல் கிடக்கும் ஸ்பெச்சாலேவைவிடத் தினம் ஓடும் சாதாரண 458 ஸ்பைடர் எனக்கு உசத்தி.

ஸ்பெச்சாலே ஏ வந்த அடுத்த வருடமே, 458-க்குப் பதிலாக 488 டர்போவோடு வந்தது. நடு இன்ஜின் வி8 ஃபெராரிகளில் டர்போ இல்லாத கடைசி வரிசை 458 தான் என்றாகிவிட்டது. 2023-ல் வந்த எஸ்எஃப்90 எக்ஸ்எக்ஸ் ஸ்பைடர் 599 கார்கள், 1030 குதிரைத்திறன். மின்மோட்டார்கள் இருப்பதால் இன்ஜினை எழுப்பாமலேயே கொஞ்ச தூரம் போகுமாம். டீமில் அந்தப் பயல் இப்போது அதன் வீடியோவை அனுப்பி, "இது உங்க வேலைக்கு ஏத்த கார்ண்ணே" என்கிறான்.