‘லக்கேஜ் நேரே போயிடும்’ என்றால் முதலில் டேக்கைப் பாருங்கள்

“பெட்டி கடைசி ஊர் வரைக்கும் நேரே போயிடும், கவலைப்படாதீங்க” என்றார்கள் செக்-இன் கவுண்டரில். போகவில்லை. டேக்கில் நடுவழி விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு மட்டும்தான் அச்சாகியிருந்தது. அதைக் கவனித்தது கடைசி ஊரில், காலியாகச் சுற்றும் பெல்ட் முன்னால் நின்றபோது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெட்டியின் கைப்பிடியில் சுற்றும் நீளத் தாள்தான் டேக். அதை, பெட்டி உள்ளே நகரும் முன்பே படித்துவிடுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது பெட்டி போய்ச் சேரும் கடைசி நிலையம். மாறவேண்டிய நிலையம் ஃபிளைட் எண்ணோடு சின்னதாகத் தனியே இருக்கும். ஒரே ஒரு நிலையம்தான் இருக்கிறது, அதுவும் நடுவழி நிலையம் என்றால் அங்கேயே நின்று மாற்றச் சொல்லுங்கள். பின்னால் நிற்பவர்கள் முறைத்தால் முறைக்கட்டும். கையில் தரும் துண்டில் இருக்கும் 10 இலக்க எண்ணை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பயணத்தின் டேக், பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் குட்டி பார்கோடு ஸ்டிக்கர் எல்லாவற்றையும் வீட்டிலேயே உரித்துவிட வேண்டும். ஸ்கேனருக்குப் பழையது புதியது தெரியாது. குழம்பினால் பெட்டி கையால் பிரிக்கும் இடத்துக்குப் போய்க் கிடக்கும்.

இரண்டாவது விமானத்தின் போர்டிங் பாஸையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள். தர முடியாது என்றால் ஏன் என்று கேளுங்கள். இரண்டும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனாலும், அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைவு என்று தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டில் அது கிடையாது. இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். அதே டிக்கெட்டில் திரும்பி வரும் பயணமும் பெரும்பாலும் சேர்ந்தே ரத்தாகிவிடும். இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. தனி டிக்கெட் என்றால் பெட்டியை நடுவழியில் எடுத்து மறுபடி செக்-இன் செய்யவேண்டி வரும். அதற்கு இமிகிரேஷனைத் தாண்டி வெளியே போகவேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். இல்லையென்றால் முதல் ஊரிலேயே ஏற்ற மறுப்பார்கள். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவது, டோக்கியோவில் நரிட்டாவில் இறங்கி ஹனெடாவில் ஏறுவது என்று விமான நிலையமே மாறும் டிக்கெட்டுகளும் இதே ரகம்தான்.

அமெரிக்கா வழியாகப் போனால் ஒரே டிக்கெட் என்பதும் பொதுவாக உதவாது. முதலில் இறங்கும் நிலையத்தில் இமிகிரேஷன் முடித்து, பெட்டியை பெல்ட்டில் எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைத்து, மறுபடி செக்யூரிட்டி. டேக் சரியாக இருந்தாலும் எடுத்தே ஆகவேண்டும். டப்ளின், அபுதாபி போல அமெரிக்க அதிகாரிகளே புறப்படும் இடத்தில் சோதனையை முடித்துவிடும் நிலையங்கள் இதற்கு விலக்கு.

இனி நடுவழி செக்யூரிட்டி. முதல் ஊரில் சோதனை முடிந்துவிட்டதே என்று நினைத்தால் அங்கேதான் அடி. பல நிலையங்களில் மாறிச் செல்பவர்களையும் மறுபடி சோதிப்பார்கள்; முதல் சோதனைக்குப் பிறகு வாங்கிய தண்ணீர் பாட்டில்கூட அங்கே போய்விடும். 2006-இல் பிரிட்டனில் விமானத் தாக்குதல் சதி பிடிபட்ட பிறகு வந்த 100 மில்லி கட்டுப்பாடு பாட்டிலின் கொள்ளளவுக்குத்தான். 200 மில்லி பாட்டிலில் அடியில் ஒரு சொட்டு இருந்தாலும் குப்பைத் தொட்டிதான். ஜாம், தேன், டூத்பேஸ்ட் எல்லாமே திரவக் கணக்கு. புது வகை ஸ்கேனர் வந்த சில இடங்களில் இதைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் வழியில் எது மிகக் கடுமையான நிலையமோ அதன் விதிதான் உங்கள் விதி. டியூட்டி ஃப்ரீயில் வாங்கினால் கனெக்டிங் ஃபிளைட் இருக்கிறது என்று பில் போடும் முன்பே சொல்லுங்கள். சீல் வைக்கும் பையில், ரசீது வெளியே தெரியும்படி போட்டுத் தருவார்கள். ஊர் போய்ச் சேரும்வரை அதைப் பிரிக்காதீர்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். பொதுவான வரம்பு 100 வாட்-ஹவர் (Wh). 20,000 மில்லிஆம்பியர்-ஹவர் (mAh) என்று எழுதியது சுமார் 74 வாட்-ஹவர்தான் வரும், பயமில்லை. அச்சு அழிந்துபோய் அளவே தெரியாததைத்தான் பிடுங்கிக்கொள்வார்கள்.

இரண்டு விமானங்களுக்கு நடுவே 90 நிமிட லேஓவர் என்று டிக்கெட்டில் இருந்தால் கையில் 90 நிமிடம் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் வெளியே வரவே கால் மணி நேரம். அந்தப் பக்கம், புறப்படுவதற்கு 15, 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். மிச்சம் 55 நிமிடத்துக்குள் டெர்மினல் மாறி, செக்யூரிட்டி வரிசையிலும் நிற்கவேண்டும். முன்வரிசை இருக்கைக்குக் கொடுக்கும் காசு இங்கேதான் வசூலாகிறது. நேரம் மிகக் குறைவாக இருந்தால் வரிசையின் முனையில் நிற்கும் ஊழியரிடம் போர்டிங் பாஸைக் காட்டிக் கேளுங்கள். குறுக்கு வழி இருந்தால் அவர்களாகக் கூப்பிட மாட்டார்கள். கேட் எண்ணைத் திரையில் பாருங்கள், பாஸில் அச்சான எண் மாறியிருக்கலாம்.

விமானம் தவறிவிட்டால் வெளியே போகாமல் டிரான்ஸ்ஃபர் டெஸ்க் வரிசையில் நின்றுகொண்டே விமான நிறுவனத்தின் செயலியிலும் தொலைபேசியிலும் முயலுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் புறப்பட்ட பயணம், ஒரே முன்பதிவு, கடைசி ஊருக்கு 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். புயல் போன்ற காரணங்களுக்குக் கிடையாது.

பெட்டி வரவில்லையா? பெல்ட் இருக்கும் கூடத்தை விட்டு வெளியேறும் முன் புகார் பதிந்து, ஐந்து எழுத்தும் ஐந்து எண்ணுமாக வரும் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். “வெளியே போய் ஆன்லைனில் போடுங்க” என்று சொல்லிப் பார்ப்பார்கள், நகராதீர்கள். 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, தாமதமான பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். உடைந்திருந்தால் 7 நாள்தான். பெட்டி வரும்வரை வாங்கிய மாற்றுத்துணி, சோப்பு, பிரஷ் எல்லாவற்றுக்கும் ரசீதை வைத்திருங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதையும் அந்த டேக் துண்டையும்தான்.