கால் மைலும் பழைய டயரும்: மிச்சிகன் கோடை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4

எதிர்வீட்டுப் பெரியவர் கராஜைத் திறந்துவிட்டார். போர்வைக்குள் கிடந்த 1970 பியூக் ஜிஎஸ் 455 ஸ்டேஜ் 1 வெளியே வந்தாயிற்று. செப்டம்பரில் ஸ்டான்டன் ஊரில் நடக்கும் ப்யூர் ஸ்டாக் மசில் கார் டிராக் பந்தயத்துக்கு இந்த வருடமும் போகிறார். மசில் கார் என்றால் பெரிய இன்ஜின் வைத்த அந்தக் காலத்து அமெரிக்கக் கார்; டிராக் பந்தயம் என்றால் நேர்கோட்டில் கால் மைல் தூரம் யார் முந்துவது என்ற போட்டி. கூடமாட உதவ நானும் போகிறேன்.

இந்தப் பந்தயம் எனக்குப் பிடித்துப்போனதற்கு அதன் விதிதான் காரணம். கார் ஷோரூமிலிருந்து வந்த வாகிலேயே ஓட வேண்டும். அந்தக் காலத்துக் கார்பரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது), அந்தக் காலத்து வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு (இன்ஜினில் மாட்டும் கிளைக்குழாய்), அந்தக் காலத்து மாதிரியிலேயே செய்த டயர். ரப்பர் உருகி ஒட்டும் அகல ஸ்லிக் டயரும், இன்ஜினுக்குக் கூடுதல் வேகம் தரும் நைட்ரஸ் வாயுவும் இருந்தால் யார் காரும் பறக்கும். இங்கே அந்த வழியெல்லாம் அடைப்பு. காரை யார் புரிந்துவைத்திருக்கிறாரோ அவர் முந்துகிறார்.

ஆகஸ்ட் 10

சாயங்காலம் முழுக்கக் குதிரைத்திறன் பற்றித்தான் பேச்சு.

நடுத்தர அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று செவ்ரோலே, பியூக், பாண்டியாக் கார்களின் தாய்க் கம்பெனியான ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) தனக்குத்தானே ஒரு வரம்பு வைத்திருந்தது. 1970 மாடல்களுக்கு அது நீங்கியதும் செவ்ரோலே தன் செவெல் எஸ்எஸ்ஸில் 454 எல்எஸ்6 இன்ஜினை இறக்கி 450 குதிரைத்திறன் என்று அச்சடித்தது. பியூக் 455-ஐ இறக்கியது. சாதாரண ஜிஎஸ் 455-க்கு 350, பெரிய வால்வுகளும் அவற்றைத் திறக்கும் வீரியமான கேம்ஷாஃப்டும் கொண்ட ஸ்டேஜ் 1-க்கு 360. இவ்வளவு மாற்றத்துக்கும் வெறும் 10 தானா? எனக்கு அது நம்பும்படி இல்லை. ஃபோர்டும் இதையே செய்தது. 428 கோப்ரா ஜெட்டுக்கு 335 என்று சொன்னது. அந்த இன்ஜின் வைத்த மஸ்டாங் 1968-இல் கலிபோர்னியாவின் போமோனாவில் நடந்த வின்டர்நேஷனல்ஸ் டிராக் பந்தயத்தில் சூப்பர் ஸ்டாக் பட்டத்தை அடித்துக்கொண்டு போனது. ஓட்டியவர் ஆல் ஜோனியெக்.

எண்ணைக் குறைத்துச் சொல்வதில் லாபம் இருந்தது. பந்தயத்தில் காரின் எடைக்கும் சொல்லப்பட்ட குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதத்தை வைத்துத்தான் வகுப்பு பிரித்தார்கள். இன்சூரன்ஸ்காரர்களும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கட்டணத்தை ஏற்றினார்கள்.

ஆகஸ்ட் 17

வுட்வர்ட் டிரீம் குரூஸ். ஆகஸ்டின் மூன்றாம் சனிக்கிழமை, டெட்ராய்ட்டிலிருந்து வடக்கே போகும் வுட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய கார்கள். 1995-இல் தொடங்கியது. கூட்டம், வெயில், பெட்ரோல் வாசனை. கார்கள் ஊர்ந்துதான் போகின்றன. ஆனால் 1960-களில் இதே சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் நடந்தது. பக்கத்து ராயல் ஓக்கில் இருந்த ராயல் பாண்டியாக் என்ற டீலர், ஜிடிஓ கார்களை 'பாப்கேட்' என்ற பெயரில் முறுக்கேற்றி விற்றார். அந்தக் கடையோடு இருந்த ஜிம் வாங்கர்ஸ் பாண்டியாக்கின் விளம்பர ஆள். 1960 நேஷனல்ஸ் என்ற தேசிய டிராக் பந்தயத்தில் டாப் ஸ்டாக் பட்டத்தை வென்றவரும் அவரே. 1964 ஜிடிஓ-வை ஓட்டிப் பார்க்கப் பத்திரிகைக்குக் கொடுத்தபோது, 389 இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் 421 இருந்தது என்று பல வருடம் கழித்து அவரே சொன்னார். விளம்பரத்தை அல்ல, ஓட்டம் முடிந்ததும் கொடுக்கும் நேரச் சீட்டான டைம் ஸ்லிப்பைத்தான் நம்ப வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

ஆகஸ்ட் 25

குவாட்ராஜெட் கார்பரேட்டரைக் கழற்றி மேசை மேல் வைத்தோம். முன்னால் இரண்டு சின்னத் துளைகள், பின்னால் இரண்டு பெரிய துளைகள். நிதானமாக ஓட்டும்போது சின்னவை மட்டும் வேலை செய்யும். மிதியை முழுதாக அழுத்தினால் பின்னால் உள்ள பெரியவை திறக்கும். ஆனால் அவற்றின் மேல் ஒரு மெல்லிய தகட்டுக் கதவு இருக்கிறது. இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அது விலகும். அதைப் பிடித்துவைத்திருப்பது ஒரு குட்டி ஸ்பிரிங். அது தளர்ந்திருந்தால் கதவு சட்டென்று திறந்து, காற்று மட்டும் பாய்ந்து, பெட்ரோல் வந்து சேர்வதற்குள் இன்ஜின் ஒரு கணம் திணறும். இறுக்கமாக இருந்தால் கார் சோம்பும். பக்கவாட்டில் இருக்கும் பூட்டுத் திருகைத் தளர்த்திவிட்டு, ஸ்பிரிங் திருகைப் பெரியவர் கால் சுற்று திருகினார். விரலால் கதவை அழுத்திப் பார்த்தார். இன்னும் ஒரு பொட்டு திருகினார். பூட்டினார். வாய் திறக்கவே இல்லை.

செப்டம்பர் 7

அருகிலிருந்த டிராக் ஸ்டிரிப்பில் சோதனை ஓட்டம். டிக்கெட் போல ஒரு சீட்டு கையில் கொடுப்பார்கள், அதுதான் டைம் ஸ்லிப். எல்லாரும் கீழே இருக்கும் மொத்த நேரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பெரியவர் 60 அடி நேரத்தைப் பார்ப்பார்.

அதுதான் சரி. கால் மைல் என்பது 1,320 அடி. ஆனால் பழைய டயரில் முதல் 60 அடியிலேயே பாதிக் கதை முடிந்துவிடும். அங்கே பத்தில் ஒரு பங்கு விநாடி மிச்சப்பட்டால் கடைசியில் அதைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு மிச்சப்படும் என்பது ஓட்டுபவர்களின் கணக்கு. இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 2,800 சுற்றிலேயே 510 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை) தருவது. அந்தக் காலத்து மாதிரியில் செய்த பாலிகிளாஸ் டயரால் அதைத் தாங்க முடியாது. அப்படியே மிதித்தால் புகை வரும், கார் நகராது. பெரியவர் ஐடிலில் இருந்தே, அதாவது மிதியைத் தொடாமலேயே, கிளம்புகிறார். கார் ஒரு அடி உருண்ட பிறகுதான் பாதம் மெல்ல இறங்குகிறது. இரண்டாவது கியர் விழும் நேரத்தில்தான் மிதி தரையைத் தொடுகிறது. பொறுமையாகக் கிளம்பிய ஓட்டம்தான் வேகமான ஓட்டமாக வந்தது: 13.7 விநாடி, கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 103 மைல்.

அந்த 103-ஐ வைத்து ஒரு பழைய சூத்திரம் உண்டு. வேகத்தை 234-ஆல் வகுத்து, வந்ததை மும்மடியாக்கி, காரின் எடையால் பெருக்க வேண்டும். ஓட்டுநரோடு சேர்த்து 4,000 பவுண்டு என்று வைத்தால் 340 குதிரைத்திறன் வருகிறது. இது சைலன்சர், ஃபேன், ஏர் கிளீனர் எல்லாம் மாட்டிய இன்ஜினின் உழைப்பு. 1970 அட்டையில் இருந்த 360 இவை எதுவும் இல்லாமல் இன்ஜினை மட்டும் சோதனை மேடையில் ஓட்டி எடுத்த கணக்கு. 1972-இல்தான் எல்லாம் மாட்டி அளக்கும் 'நெட்' கணக்கு வழக்கமானது. அப்படியென்றால் பியூக் அச்சடித்த 360 நிச்சயம் அடக்கி வாசித்ததுதான். எனக்கு இதில் அவ்வளவு சந்தோஷம்.

செப்டம்பர், பந்தய வெள்ளி

ஸ்டான்டன். காலைக் குளிர்காற்று அடர்த்தியானது, இன்ஜினுக்கு நல்லது. இன்று தனித்தனி ஓட்டங்கள். நாளைக்கு நேரம் ஒத்துவரும் கார்களை ஜோடி சேர்ப்பார்கள். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். எங்களுக்கு விழுந்தது 1969 பிளிமத் ரோடு ரன்னர், 440 சிக்ஸ் பேரல் (440 கன அங்குல இன்ஜின், கார்பரேட்டர்களில் மொத்தம் ஆறு துளைகள்). கறுப்பு ஃபைபர் பானட், நான்கு ஊசிகளில் அப்படியே தூக்கி எடுத்துவிடலாம். ஹப் கேப் கிடையாது. பந்தயத்துக்கென்றே கம்பெனி விற்ற கார்.

சனி

முதல் ஓட்டம் அவர்களுக்கு. இரண்டாவதில் நேரத்தைப் பார்த்தால் நாங்கள் மெதுவானவர்கள், ஆனாலும் கோட்டை முதலில் தாண்டியது நாங்கள்தான். புதியவர்களுக்கு இது குழப்பும். கடிகாரம் பச்சை விளக்கில் தொடங்குவதில்லை. முன்சக்கரம் தொடக்கக் கோட்டில் இருக்கும் ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் தொடங்கும். ரோடு ரன்னரை ஓட்டியவர் விளக்கைப் பார்த்துக் கிளம்பத் தாமதித்தார், பெரியவர் தாமதிக்கவில்லை. மூன்றாவதில் பாதி தூரம் வரை முன்னால் இருந்தோம். அப்புறம் அந்த 440 மூச்சுப் பிடித்து வந்து கடந்துபோனது.

பிறகு அவர்கள் பானட்டைத் தூக்கிக் காட்டினார்கள். வரிசையாக மூன்று ஹோலி கார்பரேட்டர்கள். மெதுவாகப் போகையில் நடுவில் உள்ளது மட்டும் ஓடும். பெரிய இழுப்பு வரும்போது காற்றின் உறிஞ்சலே ஓரத்து இரண்டையும் திறக்கும். குவாட்ராஜெட்டின் தகட்டுக் கதவு செய்யும் அதே வேலையை பிளிமத்தின் தாய்க் கம்பெனியான கிரைஸ்லர் வேறு வழியில் செய்திருக்கிறது. பெரியவர் குனிந்து, உறிஞ்சலுக்கு அசைந்து அவற்றைத் திறக்கும் சவ்வுகளைப் பார்த்துக்கொண்டே, ஸ்பிரிங் என்ன பலம் என்று கேட்டார். அவர்கள் டப்பாவைத் திறந்து, நிறம் நிறமாக இருந்த ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட ஆரம்பித்தார்கள்.