கால் செய்ய வேண்டியதைக் கை செய்த அன்று

சக்கரம் தரையைத் தொட்டது நடுக்கோட்டின் மேலேதான். மூக்கும் நேராக இருந்தது. அதற்கடுத்த நான்கைந்து விநாடிகளில்தான் விமானம் என் பிடியிலிருந்து போனது.

தனியாகப் பறக்க ஆரம்பித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. செஸ்னா 172. ஓடுபாதை 27, அதாவது 270 டிகிரி திசை. காற்று 220 டிகிரியிலிருந்து, இடப்பக்கம் முன்னாலிருந்து, 12 நாட் வேகத்தில். 50 டிகிரி கோணத்துக்குப் பக்கக்காற்று சுமார் 9 நாட் வரும். இந்த விமானத்தில் சோதித்துக் காட்டியதாகக் கையேடு சொல்வது 15 நாட். இடது இறக்கையைத் தாழ்த்தி, மூக்கைத் திருப்பும் வால்பலகையான ரடரின் வலது மிதியை மிதித்து, சொல்லிக்கொடுத்தபடியே இறங்கினேன். தொட்டதும் ‘அப்பாடா’ என்று, ஸ்டீயரிங் மாதிரிக் கையில் பிடிக்கும் யோக்கை நடுவுக்கு விட்டுவிட்டேன்.

மூக்கு இடப்பக்கம் திரும்பியது. வாலின் செங்குத்துப் பகுதி பிரதானச் சக்கரங்களுக்கு வெகு பின்னால் இருப்பதால், பக்கக்காற்று வாலைத் தள்ள, மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். பரீட்சையில் இதை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த நொடியில் என் கை, கார் ஓட்டுகிற கையாகிவிட்டது. யோக்கை முழுக்க வலப்பக்கம் திருப்பினேன்.

அதைவிடத் தவறான காரியம் இல்லை. யோக் வலப்பக்கம் போனால் இடது அயிலெரான், அதாவது இறக்கையின் பின்னோரத்தில் அசையும் பலகை, கீழே இறங்கும். காற்று அடிக்கிற பக்கத்து இறக்கை மேலே எழும்பும், அங்கே இழுவையும் கூடி மூக்கை இன்னும் இடப்பக்கமே இழுக்கும். வலது காலை மிதிக்க நினைவு வந்தபோது தாமதமாகிவிட்டது. புல்லில் இறங்கி நின்றோம், நானும் அந்த விமானமும். காயம் இல்லை, சேதம் இல்லை. கை நடுங்கியது மட்டும் வெகுநேரம் நிற்கவில்லை.

அறிக்கை எழுதினேன், விமானத்தைச் சோதித்தார்கள், எனக்குத் தனிப்பறத்தல் நிறுத்தப்பட்டது. இன்ஸ்ட்ரக்டர் திட்டவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: “மூக்கு திரும்பினப்போ உன் கை எங்க இருந்துச்சு?” பதில் சொல்ல எனக்கு நேரமாயிற்று.

மறுபயிற்சியில் முதல் நாள் முழுவதும் இறங்கவே விடவில்லை. ஓடுபாதைக்குச் சில அடி மேலே, பவரைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, கடைசிவரை பறக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்வதைத் தடுப்பது அயிலெரான். மூக்கை நேராக வைப்பது ரடர். இரண்டும் வேறுவேறு வேலை என்று என் உடம்புக்குப் புரிந்தது அங்கேதான். தரையில் ஒரே இறங்கலில் இதற்கெல்லாம் அவகாசம் ஏது? இந்தப் பயிற்சியை எல்லா மாணவர்களுக்கும் முதலிலேயே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து, காற்றுப்பக்கத்து ஒற்றைச் சக்கரத்தில் தொடுவது. வேகம் குறையக் குறைய அயிலெரானுக்கு வலு குறையும். ஆகவே யோக்கைக் காற்றின் பக்கம் மேலும் மேலும் திருப்பிக்கொண்டே போக வேண்டும். குதிகால் தரையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதற்றத்தில் ரடர் மிதியின் மேல்பகுதியில் இருக்கும் பிரேக்கை மிதித்துவிடுவோம். யோக்கை முன்னால் தள்ளவே கூடாது. பாரம் மூக்குச் சக்கரத்துக்குப் போனால் விமானம் அதைச் சுற்றியே திரும்பப் பார்க்கும்.

மறுபடி தனியாக இறங்கிய அன்றும் காற்று இடப்பக்கம்தான். இடது சக்கரம், வலது சக்கரம், பிறகு மூக்கு. மூக்கு அசைந்தபோதெல்லாம் கால் முந்திக்கொண்டது. ஓடுபாதையைவிட்டு வெளியேறும் இடம் வந்தபோது குனிந்து பார்த்தேன். யோக் இடப்பக்கம் முழுக்கத் திரும்பியிருந்தது.