புள்ளி வைத்த சைட்டோசின்

“பேண்ட் வரலையாப்பா?” என்று சீனியர் அக்கா எட்டிப் பார்த்தார். டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில், அளவு காட்டும் லேடரின் கோடுகளைத் தவிர ஒரு பேண்டும், அதாவது டிஎன்ஏ கோடும், இல்லை. கண்ட்ரோலாகப் போட்ட என் சொந்த ரத்தத்து டிஎன்ஏகூடக் காலி. குற்றவாளி, திறந்து பல நாளான பைசல்ஃபைட் என்ற ரசாயனத்தின் புட்டி. காற்றுப் பட்டால் அது வீரியம் இழந்துவிடும். இரண்டு நாள் வேலை போச்சு.

அது பிராடர்-வில்லி என்ற மரபணுக் கோளாறுக்கான சோதனை. உடல் துவண்டு, பால் குடிக்கத் திணறும் பச்சைக் குழந்தைகளின் ரத்தம் இதற்காக எங்களிடம் வரும். 15ஆம் குரோமோசோமில் எஸ்என்ஆர்பிஎன் ஜீன் வழக்கமாக இரண்டு பிரதி. அப்பா தந்தது வேலை செய்யும், அம்மா தந்தது ஊமை. அப்பாவின் பக்கமும் பேசாவிட்டால்தான் இந்தக் கோளாறு. எழுத்து வரிசை இரண்டிலும் ஒன்றுதான். அம்மாவின் பிரதியில் சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்துகள் மேல் மீத்தைல் என்ற சின்ன ரசாயனத் தொகுதி உட்கார்ந்திருக்கும்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் ‘க’வும் ‘க்’கும் எழுதிக் காட்டுவேன். மேலே ஒரு புள்ளி, உள்ளே இருந்த அகரம் போயிற்று. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். சாதாரண சீக்வென்சிங்கும் அந்த ஓலை மாதிரிதான், மீத்தைல் அதில் தெரியாது. பைசல்ஃபைட் போட்டால் மீத்தைல் இல்லாத சைட்டோசின் யுராசிலாக மாறும், மீத்தைல் உள்ளது அப்படியே நிற்கும். இந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் இரண்டு வகை பிரைமர், அதாவது தனக்குப் பொருந்தும் வரிசையில் ஒட்டி அதை நகலெடுக்க வைக்கும் குட்டி டிஎன்ஏ.

ஊமையாவது எப்படி? ஜீனின் தொடக்கத்தில் மீத்தைல் நெருக்கமாக இருந்தால் எம்இசிபி2 போன்ற புரதங்கள் வந்து ஒட்டும். அவை கூட்டி வரும் நொதிகள் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்திலிருந்து அசிட்டைல் தொகுதியைக் கழற்ற, டிஎன்ஏ இறுகிவிடும். செல் பிரியும்போது டிஎன்எம்டி1 என்ற நொதி பழைய இழையைப் பார்த்துப் புது இழையிலும் புள்ளி வைக்கும். ஆனால் மீத்தைல் என்றாலே ஊமை என்று மனப்பாடம் செய்யாதீர்கள். சுறுசுறுப்பாக ஓடும் ஜீன்களின் நடுப்பகுதியில் அது தாராளமாக உண்டு. பரீட்சையில் இதை எழுதி நான் மார்க் இழந்தது தனிக்கதை.

புதுப் புட்டியில் மறுபடி செய்தேன். என் வரிசையில் இரண்டு பேண்ட்: மேலே அம்மாவின் 174 எழுத்து நீளத் துண்டு, கீழே அப்பாவின் 100. குழந்தையின் வரிசையில் 174 மட்டும். சந்தேகத்துக்கு இன்னொரு முறை ஓட்டினேன். 100 வரவில்லை.