ஒரே மேசையில் இரண்டு மருந்துச் சீட்டுகள்

சேலம் ஐந்து ரோடு அருகே மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கும் என்னிடம், மறதி நோய்க்கான சீட்டுடன் வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "இதைச் சாப்பிட்டா அப்பாவுக்குப் பழைய ஞாபகமெல்லாம் திரும்பிடுங்களா?"

திரும்பாது. அல்சைமர் நோயில், நினைவுக்கும் கவனத்துக்கும் தேவையான அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிந்துகொண்டே போகின்றன. எஞ்சியவை சுரப்பதையும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி உடனுக்குடன் சிதைத்துவிடுகிறது. டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் ஆகிய மருந்துகள் அந்நொதியைத் தடுத்து, இருப்பதைச் சற்று நேரம் நிலைக்கச் செய்கின்றனவே தவிர, அணுக்களின் அழிவை நிறுத்துவதில்லை. இவ்வகையில் 1993இல் அமெரிக்காவில் முதலில் ஒப்புதல் பெற்ற டாக்ரின், கல்லீரலைப் பாதித்ததால் கைவிடப்பட்டது. 1996இல் அங்கே ஒப்புதல் பெற்ற டொனெபெசிலைத்தான் நாங்கள் அதிகம் கொடுக்கிறோம். பெயர்களை மறக்காமல் சொல்வது, தானே சட்டை மாட்டிக்கொள்வது போன்றவை சில மாதங்கள் கூடுதலாக நீடித்தாலும், பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு அது சிறிய உதவியல்ல என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அசிட்டைல்கோலின் மூளையில் மட்டும் வேலை செய்வதில்லை; குடல், இதயம், சிறுநீர்ப்பை ஆகியவற்றிலும் வேலை செய்கிறது. வயல்களில் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லி முடக்குவதும் இதே நொதியைத்தான் என்பதை நினைத்தால், இம்மருந்து ஏன் குமட்டலையும் வயிற்றுப்போக்கையும் தருகிறது, ஏன் நாடித்துடிப்பைக் குறைத்துச் சிலரை மயங்கி விழச் செய்கிறது என்பது விளங்கும்.

ஏற்காட்டிலிருந்து வரும் ஒருவர், காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற தம் தந்தைக்கு மாதந்தோறும் டொனெபெசில் வாங்குவார். 5 மில்லிகிராம் 10 ஆக உயர்த்தப்பட்டபின், பெரியவருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போயிற்று. வயதுக் கோளாறு என்று எண்ணி வேறொரு மருத்துவரிடம் காட்டி, ஆக்சிபியூட்டினின் எழுதி வாங்கி வந்திருந்தார். சிறுநீர்ப்பையைச் சுருங்கத் தூண்டியது அநேகமாக முதல் மருந்துதான். அதை அடக்க வந்த இரண்டாவது மருந்தோ அசிட்டைல்கோலினின் வேலையையே மறிப்பது, மூளைக்குள்ளும் செல்லக்கூடியது, மறதியையும் குழப்பத்தையும் அதிகப்படுத்தக்கூடியது. ஒவ்வொரு மருத்துவரும் தமக்கு முன்னிருந்த ஒரு சீட்டைத்தான் பார்த்திருந்தார். இரண்டும் சேர்ந்தது என் மேசையில்தான். டொனெபெசில் எழுதிய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் அளவை மீண்டும் 5 ஆகக் குறைத்து, இரண்டாவது மருந்து வேண்டாம் என்றார். சிறுநீர்த் தொல்லை தணிந்தது.

அதன்பின், மறதி மருந்து வாங்குபவர்களை வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன். மலைக் குளிரில் சளிக்கென்று விழுங்கும் குளோர்பெனிரமினும், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலினும் அசிட்டைல்கோலினை மறிப்பவையே என்பதால், அவற்றைப் பையிலிருந்து எடுத்துத் தனியே வைத்து, மருத்துவரிடம் காட்டும்படி சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.