படகு வங்குகளை எபாக்சியில் ஒட்டிய அனுபவம்

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடியில் பத்தடி நீளத்தில் ஒரு துடுப்புப் படகு கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஆறு வங்குகள், அதாவது படகின் விலா எலும்புகள். அடிக்கட்டையும் பக்கக்கட்டையும் சேரும் மூலையில்தான் வங்கின் உயிர் இருக்கிறது.

முதல் வங்கை எபாக்சியால் (ரெசின், ஹார்ட்னர் என்ற இரண்டையும் கலந்தால் இறுகும் பசை) ஒட்டி இரண்டு நாள் காயவிட்டு, காலால் மிதித்துப் பார்த்தேன். சடக்கென்று விட்டுவிட்டது. பிரிந்த முகத்தில் ஒரு மரநார்கூடப் பெயரவில்லை. ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தால் மரம்தான் கிழிய வேண்டும். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

தவறு என் கையில்தான். வெள்ளைப் பசைக்கு முறுக்குவதுபோல் கிளாம்பை, அதாவது கட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் இடுக்கியை, இறுக்கியிருந்தேன். எபாக்சிக்கு மூட்டின் நடுவே ஒரு மெல்லிய படலம் தங்க வேண்டும். இறுக்கினால் எல்லாம் வெளியே பிதுங்கிவிடும். மிச்சத்தைக் கட்டையின் வெட்டுமுகம் குடித்துவிட்டது. போதாததற்கு மரம் தேக்கு, அதில் இயல்பாகவே எண்ணெய் உண்டு.

அடுத்த தடவை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்ததும் தாமதிக்காமல் வேலையைத் தொடங்கினேன். ரெசினையும் ஹார்ட்னரையும் டப்பாவில் போட்டிருந்த எடைக் கணக்குப்படி தராசில் நிறுத்தேன். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டவே கூடாது, ஒட்டு கெட்டுவிடும். முதலில் கலவையை அப்படியே பூசி, பத்து நிமிடம் பொறுத்து, உறிஞ்சிய இடத்தில் மறுபடி பூசினேன். அப்புறம் மிச்சத்தில் சிலிக்கா தூள் கலந்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் தடவினேன். விளிம்பில் பசை நூல்போல எட்டிப்பார்த்ததும் கிளாம்பை இறுக்குவதை நிறுத்திவிட்டேன். இரண்டு பக்கமும் பிளைவுட் பட்டை வைத்தேன், வேலைப் பலகையோடு ஒட்டாமலிருக்க அடியில் பாலிதீன் தாள்.

எங்கள் ஊர் வெயிலைச் சொல்லியாக வேண்டும். ஒரு மதியம் கால் கிலோ கலவையைக் கப்பில் வைத்துவிட்டுத் திரும்பினேன். கலவை தானாகவே சூடேறிப் புகைந்து, கப்பே உருகிவிட்டது. அதற்குப் பிறகு விடியற்காலையில், நூறு கிராமாக, அகலமான தட்டில் பரப்பி வைத்துத்தான் வேலை. கையுறை இல்லாமல் தொடுவதில்லை. தோல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது.

காற்றில் ஈரம் அதிகம் என்பதால் மறுநாள் பசைமேல் மெழுகுபோல ஒரு பிசுக்கு படியும். அதைத் தண்ணீர்விட்டு ஸ்கிரப்பரால் கழுவிய பிறகே தேய்க்க வேண்டும்.

அதே முறையில் ஒட்டிய துண்டு ஒன்றைச் சுத்தியலால் உடைத்தேன். பசைக்கோட்டுக்கு வெளியே தேக்கு நாராகக் கிழிந்தது. ஆறு வங்கும் இப்போது படகின் முதுகெலும்பான ஏராக்கட்டைமேல் நிற்கின்றன.