கோடிக்குழகருக்கு யார் துணை?

"தை அமாவாசைக்குக் கோடியக்கரை போய் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துட்டு வரலாம்ப்பா" என்று நான்தான் கூப்பிட்டேன். 2019 பிப்ரவரி 4. கஜா புயல் அடித்து எண்பதாவது நாள்.

எங்கள் கொல்லையில் 72 தென்னை. நவம்பர் 16 விடிந்து பார்த்தபோது நின்றவை 5. அன்றிலிருந்து அப்பா கொல்லைப் பக்கமே போகவில்லை. திண்ணையில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவார். ஒரே ஒரு தடவை அம்மாவிடம் சொன்னார்: "தென்னைக்கு ஒரே குருத்துதான். அது முறிஞ்சா மரம் போச்சு."

வேதாரண்யம் தாண்டி, அகத்தியம்பள்ளி உப்பளங்களைக் கடந்ததும் காடு தொடங்குகிறது. மரங்கள் விழுந்தும் முறிந்தும் கிடந்தன. பனைகள் மட்டும் பெரும்பாலும் நின்றன. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

கடலில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுக் குழகர் கோயிலுக்கு வந்தோம். கோடிக்குழகர் என்பது இங்குள்ள சிவனின் பெயர். சின்னக் கோயில்தான். அம்மன் பெயர் மையார் தடங்கண்ணி. முருகன் இங்கே கையில் அமுத கலசத்தோடு நிற்கிறார். எனக்கு இந்தக் கோயில்மேல் தனிப் பிரியம் உண்டு; அதற்குக் காரணம் சுந்தரர். சேரமான் பெருமாளோடு இங்கே வந்தவர், சுவாமியிடம் தனக்கென்று எதையும் கேட்கத் தோன்றாமல், சுவாமிக்காகவே கவலைப்பட்டுப் பாடியிருக்கிறார். கடற்காற்று இப்படி வந்து மோதுகிற கரையில், பக்கத்தில் ஒரு குடிகூட இல்லாமல், யாரைத் துணையாக வைத்துக்கொண்டு இருக்கிறீர் என்று கேட்கிறார். பொந்தில் ஆந்தையும் கூகையும் குழறுகிற காடாயிற்றே, உடன் இருப்பவள் அஞ்ச மாட்டாளா என்கிறார். சின்ன வயதில் அப்பாதான் அந்தப் பதிகத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

தீபாராதனை முடிந்து விபூதி வாங்கும்போது அப்பா குருக்களிடம் கேட்டார்.

"அன்னிக்கு ராத்திரி இங்க யாரு சாமி இருந்தா?"

"எல்லாரும் முகாமுக்குப் போயிட்டா. அவர் மட்டுந்தான்."

அப்பா கருவறையையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. சுந்தரர் கேட்ட அதே கேள்வியைத்தான் முணுமுணுத்தார். எண்பது நாளில் அவர் வாயில் பதிகம் வந்தது அப்போதுதான்.

வெளியே மணலில் ஒரு பூவரசு விழுந்து கிடந்தது. பாதி வேர் அந்தரத்தில், பாதி வேர் மண்ணுக்குள். படுத்த அடிமரத்தின் மேல்பக்கத்தில் வரிசையாகத் தளிர். மரம் சாய்ந்திருந்தாலும் தளிர் ஒவ்வொன்றும் வானத்தைப் பார்த்து நேராக நின்றது. விரலளவு காம்பு, எண்ணெய் தடவினாற்போல மினுமினுக்கும் இலை. ஒன்றில் மொட்டுகூட விட்டிருந்தது. அப்பா குனிந்து, தளிர் கிளம்பின இடத்தில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை.

"இதுக்கு ஒடம்பெல்லாம் குருத்து" என்றார்.

பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் பேச்சு கொடுக்கத் தோன்றவில்லை. மடியில் பிரசாதப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பதிகத்தின் அடுத்த பாட்டை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். சுவாமி அன்று ராத்திரி தனியாக இருக்கவில்லை, எங்களையெல்லாம் நினைத்துக்கொண்டு இருந்திருப்பார் என்று மனசு சொல்லிற்று.

வீட்டுக்கு வந்து காபி குடித்ததும் அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். வேலியோரம் சாய்ந்த எங்கள் பூவரசும் துளிர்த்திருந்தது. நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கைப்பிடி கனத்தில் மூன்று போத்து வெட்டினார். வேலி விட்டுப்போன இடத்தில் குழி தோண்டி, நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினார். மேல்வெட்டு காயாமலிருக்கச் சாணி உருண்டை வைத்தார்.

"தென்னங்கன்னு வைக்கணும்னா மொதல்ல வேலி வேணும்டா தம்பி. ஒரு கொடம் தண்ணி கொண்டா."